சுவருக்குச் சொன்ன பதில்

தாராவியில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒரே தகரச் சுவர்தான். அந்தப் பக்கம் இருந்தவர் மேலப்பாளையத்துக்காரர். கணவர் தோல் பட்டறைக்குப் போய்விட்டால் பகல் முழுக்கத் தனியாக இருப்பார். அவர்கள் வழக்கப்படி அக்காவை அழைப்பதுபோல் நான் லாத்தா என்று கூப்பிடுவேன். சாயங்காலம் ஐந்து மணிவாக்கில் குழாயில் தண்ணீர் வரும். முதலில் பார்ப்பவர் சுவரில் இரண்டு தட்டு தட்ட வேண்டும். மற்றவர் பதிலுக்கு ஒரு தட்டு. தெரிந்துகொண்டேன் என்று அர்த்தம். பல வருஷமாக இதில் ஒரு நாளும் பிசகு வந்ததில்லை.

எனக்குக் கொஞ்சம் மண்டைக்கனம் உண்டு. ரேஷன் கார்டில் என்ன தப்பு, மீட்டர் ஏன் இப்படி ஓடுகிறது, யார் வீட்டுப் பெண் ஏன் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள், எதுவானாலும் எங்கள் சந்தில் என்னைத்தான் கேட்பார்கள். நானும் அவர்கள் பாதி கேட்பதற்குள் பதிலைச் சொல்லிவிடுவேன்.

அன்று மூன்று மணி இருக்கும். தைத்து வந்த ஜீன்ஸ் பேன்ட்களில் தொங்கும் நூலை வெட்டிக்கொண்டிருந்தேன். சுவரில் தட்டல் கேட்டது. இரண்டு இல்லை, நாலைந்து. அதுவும் வழக்கமான உயரத்தில் இல்லாமல், தரையை ஒட்டி.

எல்லாம் என் காதில் சரியாகத்தான் விழுந்தது. அதுதான் இன்றுவரை என்னை விடமாட்டேன் என்கிறது. மூன்று மணிக்கு ஏன்? எங்கேயோ பைப் வேலை, முன்னாடியே திறந்துவிட்டிருப்பார்கள். ஏன் நாலைந்து? நேற்று நான் தாமதமாகப் பதில் தட்டினேன், அந்தக் கோபம். ஏன் அவ்வளவு கீழே? உட்கார்ந்து அரிசி புடைக்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தேன். குழாய், பாத்திரம் கழுவும் மோரியில், என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. திருகிப் பார்த்திருந்தால் வெறும் காற்று வந்திருக்கும். பார்க்கவில்லை. டிரம்மில் தண்ணீர் இருந்தது, விடையும் கையில் இருந்தது. பிறகு எதற்கு எழுந்திருக்க? கத்தரிக்கோலின் பிடியால் ஒரு தட்டு தட்டினேன். சத்தம் நின்றது.

ஐந்து மணிக்கு நிஜமாகவே தண்ணீர் வந்தது. இரண்டு தட்டு தட்டினேன். பதில் இல்லை. மறுபடியும் தட்டிப் பார்த்தேன். ஓடினேன். லாத்தா சுவரோரமாக விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. இடது கைக்குப் பக்கத்தில் ஒரு கரண்டி, கவிழாமல் ஒதுக்கி வைத்தது போல இருந்தது.

பக்கவாதம். இரண்டு மணி நேரம் முன்னால் கொண்டு வந்திருந்தால் வலது கை ஒருவேளை தப்பியிருக்கும் என்றார் டாக்டர். லாத்தாவின் கணவர் என் முன்னால் நின்று அழுதார். "நீ மட்டும் போயிப் பாக்கலன்னா அவ மவுத்தாயிருப்பா, தாயி." சந்து முழுக்க அதையே சொன்னது. நான் மறுக்கவில்லை. தட்டலைக் கேட்டேன் என்று யாருக்கும் தெரியாது. லாத்தாவுக்குப் பேச்சு திரும்பாமல் போனால் கடைசிவரை தெரியாது. அப்படியும் ஒரு நாள் நினைத்தேன். எழுதவே கூசுகிறது.

பேச்சு திரும்பியது, மாதக்கணக்கில், கொஞ்சம் கொஞ்சமாக. ஒரு மத்தியானம் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அடக்க முடியாமல் கேட்டுவிட்டேன். கேட்டேன் என்ன, பழியை அவர் மேல் போடப் பார்த்தேன்.

"ஏன் லாத்தா, அன்னைக்கு இன்னுங் கொஞ்ச நேரம் தட்டியிருக்கக் கூடாதா?"

அவர் முகத்தில் கோபமே இல்லை. ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துச் சொன்னார்.

"தட்டியிருப்பேன்ளா. நீதான் பதில் தட்டிட்டியே. வந்துருவன்னு கரண்டிய கீழ வச்சிட்டேன்."

சொல்லிவிட்டு வாயைத் திறந்து, அடுத்த வாய்க் கஞ்சிக்காகக் காத்திருந்தார்.