அஜந்தா இறங்கி வந்த மலை

பிள்ளைகளின் மூக்குச்சளி அஜந்தாவுக்கு அருவருப்பில்லை. மொன்றியலின் பார்க் எக்ஸ்டென்ஷனில், கார்டெரி என்று சொல்கிற ஒரு பிள்ளைகள் காப்பகத்தில் பதினாறு வருடமாக நாற்பது குழந்தைகளுக்குச் சமைத்துப்போடுகிறாள். ஒன்று வாந்தி எடுக்கும், ஒன்று கீரைக்கறியைக் காதுக்குள் வைக்கும். துடைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அடுப்படிக்குத் திரும்பிவிடுவாள். அவளுக்குக் குமட்டுவது வளர்ந்த மனிதர்களைப் பார்த்துத்தான். மெட்ரோவில் உட்கார்ந்து நகம் வெட்டுகிறவன். கலியாண வீட்டில் கரண்டி இருக்கக் கையை விட்டு நல்ல இறைச்சித் துண்டாகக் கிண்டுகிறவர். பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் தொண்டையைச் செருமித் துப்புகிற தன் சொந்தப் புருஷன் இரவிச்சந்திரன். முப்பது வருடமாகத் துறைமுகத்துக்குக் கொள்கலன் லொறி ஓட்டுகிறவர், நல்ல உழைப்பாளி, ஆனால் அந்தத் தொட்டியை விட்டபாடில்லை.

ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு நிம்மதி என்று ஒன்று இருந்தால் அது காலை ஐந்தரை மணிக்கு மொன்றியல் மலையில்தான். சீனி வருத்தம் என்று தெரிந்ததும் நடக்கச் சொன்னார் டொக்டர். முதல் மாதம் அவரைத் திட்டிக்கொண்டே நடந்தாள். ஒன்பது வருடத்தில் ஒரு நாளும் தவறாத பழக்கமாகிவிட்டது. பனிக்காலத்தில் சப்பாத்துக்குக் கீழே இரும்புப்பல் மாட்டிக்கொண்டு போவாள். அந்த நேரத்தில் அங்கே துப்புகிறவர்கள் யாரும் இல்லை.

ஸ்கொட்லாந்து வந்து சேர்ந்தது நூலகம் வேண்டாமென்று வெளியே வைத்த ஒரு பெட்டியிலிருந்து. அதில் கிடந்த பழைய வரைபடம் ஒன்றைச் சும்மா எடுத்து வந்தாள். வடக்கே, ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு மலைப் பள்ளத்தாக்கு. பெயர் வாயில் நுழையாது. கோடுகளை எப்படி வாசிப்பதென்று மகள் வித்தியா சொல்லிக்கொடுத்தாள். கோடுகள் நெருங்கினால் செங்குத்து, விலகினால் சமதரை. குசினி அலுமாரிக் கதவின் உள்பக்கத்தில் அதை ஒட்டிவைத்து, மிளகாய்த்தூள் எடுக்கும்போதெல்லாம் விரலால் நடந்து பார்ப்பாள். வீதி முடிகிறது, இடிந்த கல்வீடுகள், ஒரு சிறு ஏரி, பிறகு நெளிந்து நெளிந்து ஏறும் ஒற்றையடிப்பாதை, கடைசியில் ஒரு கணவாய். அந்தக் கணவாயில் நின்றால் ஒருபக்கம் வந்த வழியும் மறுபக்கம் கடலும் தெரியவேண்டும். அங்கே ஒரேயொரு தரம் தன் காலால் ஏறி நிற்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. இடது முழங்கால் வேறு தேய்ந்துகொண்டு வந்தது. இந்தக் கோடைக்குப் பிறகு கத்தி வைக்கத்தான் வேண்டும், அதற்குப் பின் மலையெல்லாம் மறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

“தனியாப் போங்கோவன் அம்மா” என்றாள் வித்தியா. சொல்வது சுகம். இரவிச்சந்திரனோ, “தனியப் போறதோ? ஆக்கள் என்ன நினைப்பினம்? கழகத்தோடை போவம்” என்றார்.

கழகம் என்பது ஞாயிற்றுக்கிழமை நடைக்கழகம். இருபது நிமிடம் நடந்து இரண்டு மணிநேரம் சாப்பிடுகிற சங்கம் அது. தலைவர் கிறிஸ்தோப்பர் லவாலில் வீடு விற்றுக் கொடுப்பவர். பயணத்துக்கு முந்தின கூட்டத்தில் அவர் ஆளுக்கொரு செம்மஞ்சள் விசில் கொடுத்தார்.

“மலையில ஆறுதரம் ஊதினால் உயிராபத்து எண்டு அர்த்தம். ஆர் எங்க நிண்டாலும் விட்டிட்டு ஓடி வரவேணும். விளையாட்டுக்கு ஊதக்கூடாது” என்றார். அடுத்த மூச்சில், “சாப்பாடு பொம்பிளையளின்ரை பொறுப்பு. அஜந்தா இருக்கிறபடியால் எங்களுக்குக் கவலையில்லை” என்றார்.

“சமைச்சுத் தாறன் அண்ணை. ஆனால் நான் கணவாய் வரைக்கும் ஏறுவன். அதுக்குத்தான் வாறன்” என்றாள் அஜந்தா.

“ஓம், ஓம். அதுக்கென்ன” என்று கிறிஸ்தோப்பர் கார்ச் சாவியைக் காதுக்குள் விட்டுக் குடைந்து, வெளியே எடுத்து, நுனியில் வந்ததை உற்றுப்பார்த்தார். அஜந்தா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஜூன் மாதம் பதின்மூன்று பேராகப் போய் இறங்கினார்கள். ஒன்பது ஆண்கள், நான்கு பெண்கள். வாடகைக்கு எடுத்த வானுக்குள் இரண்டே நாளில் கருவாட்டுப் பொரியலும் காலுறையும் கலந்த ஒரு நாற்றம் குடியேறிவிட்டது. குன்றும் குழியுமான ஒற்றைப் பாதையில் வான் போன போக்கில் மற்ற மூன்று பெண்களுக்கும் வயிறு பிரட்டி, பள்ளத்தாக்குக்குப் போகும் நாளன்று அவர்கள் தங்கிய வீட்டிலேயே படுத்துவிட்டார்கள். ஒன்பது ஆண்களுக்கும் அஜந்தா ஒருத்தியே கட்டுச்சோறு, கோழிக்கறி, கத்தரிக்காய்ப் பொரியல், அவித்த முட்டை என்று விடியக்காலையில் எழும்பிச் செய்து கட்டினாள்.

வீதி ஒரு பூட்டிய கேற்றடியில் முடிந்தது. கீழே உருளைக்கல்லுக்கு மேல் ஆறு ஓடியது. தண்ணீர் தேயிலைச் சாய நிறம், ஆனால் அடித்தளக் கல் ஒவ்வொன்றும் தெரிந்தது. இரண்டு பக்கமும் மலை, மரமே இல்லாத, பழுப்பும் பச்சையுமான பெரிய மலை. மேலே ஒரு மான்கூட்டம் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு, வேண்டாமென்று நகர்ந்துபோனது. மான்களுக்கு இருந்த ரசனையை நினைத்து அஜந்தா சிரித்தாள்.

இருபது நிமிடத்தில் இடிந்த கல்வீடுகள் வந்தன. கூரையில்லாத நான்கு சுவர்கள், அடுப்பிருந்த இடத்தில் தொட்டால் சுணைக்கிற நெட்டில் செடி. யாரோ பிறந்து, சமைத்து, பிள்ளை வளர்த்த இடம். அதில் ஒருவர் சுவரோடு சாய்ந்து சிறுநீர் கழித்தார். இன்னொருவர் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டார். கிறிஸ்தோப்பர் வாழைப்பழத் தோலை ஆற்றுக்குள் எறிந்துவிட்டு, “இயற்கைக்குப் போகுது” என்றார். ஆள் இல்லாத இடத்தைத் தேடி ஒரு கடலைத் தாண்டி வந்து, வந்த கையோடு அதை அசிங்கப்படுத்த இவர்களால்தான் முடியும் என்று அவளுக்கு எரிச்சல் பொங்கியது.

அவள் சாப்பாட்டுப் பெட்டிகளை ஒரு சுவரோரம் வைத்தாள். ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டினாள்.

“இது சோறு, இது கோழி, இது கத்தரிக்காய். தட்டும் கரண்டியும் மேலயே இருக்கு. பசிக்கேக்கை போட்டுச் சாப்பிடுங்கோ. நான் நாலு மணிக்கு வந்திடுவன்.”

“ஓம், நீ போ” என்றார் இரவிச்சந்திரன், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

ஏரிவரை சதுப்பு. சப்பாத்து உள்ளே போய், சளக்கென்று வெளியே வந்தது. கண்ணுக்குத் தெரியாத சின்னப் பூச்சிகள் புகைபோல மூடி, இமையிலும் உதட்டிலும் கடித்தன. செத்துக் கிடந்த செம்மறி ஒன்றைத் தாண்டிப் போகவேண்டியிருந்தது; கண் இருந்த இடம் ஓட்டையாக இருந்தது, மூக்கைப் பொத்திக்கொண்டாள். ஆனாலும் அது வேறு விதமான அருவருப்பு. அதில் யாரையும் கோபிக்க ஒன்றுமில்லை. ஏரிக்கு மேல் காற்று எடுத்தது, பூச்சி ஒழிந்தது. நெளிவுப் பாதையில் நூறு அடிக்கொருமுறை நின்று, முழங்காலைத் தடவிவிட்டு ஏறினாள். அலுமாரிக் கதவில் விரலால் நடந்த அத்தனை வளைவும் அங்கே அப்படியே இருந்தது. எட்டாவது வளைவில் நின்றபோது கணவாய் நேரே மேலே தெரிந்தது, இரண்டு பாறைகளுக்கு நடுவில் வெறும் வானம். இன்னும் முந்நூறு அடி இருக்கும். கடல் மணக்கிறதென்று நினைத்தாள். சந்தோஷத்தில் வாய்விட்டு ஏதோ சொன்னாள், என்ன சொன்னாளென்று அவளுக்கே தெரியாது.

அப்போது கீழே விசில் கேட்டது. ஆறு தரம். ஒரு நிமிடம் நின்றது. மறுபடி ஆறு தரம்.

இரவிச்சந்திரனுக்கு இரத்த அழுத்தம், நெஞ்சு நோவுக்கு நாக்குக்குக் கீழே வைக்கிற மாத்திரை அவளுடைய பையில். ஒரு கணம் மேலே பார்த்தாள். கால்மணி நேரம் போதும். அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு மனுஷன் செத்துப்போகலாம். திரும்பி ஓடினாள். ஓட்டமென்றால் என்ன ஓட்டம், வழுக்கி, இருந்து, கையூன்றி. சதுப்பில் குப்புற விழுந்தாள், முழங்காலில் ஏதோ சுளுக்கென்றது. கார்டெரியில் பழக்கிய முதலுதவியை மனத்துக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள், நெஞ்சில் முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு. இடையிடையே விசில் ஊதிக்கொண்டேயிருந்தது.

ஒரு மணிநேரத்தில் கல்வீட்டுக்கு வந்தாள். ஒன்பது ஆண்களும் பெட்டிகளைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். யாருக்கும் ஒன்றுமில்லை. இரவிச்சந்திரன் போனில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்தார். கிறிஸ்தோப்பரின் வாயில் விசில்.

“எங்கை பிள்ளை போனனி? ரண்டு மணி தாண்டியிட்டுது, ஒருத்தரும் சாப்பிடேல்லை” என்றார் அவர், எச்சில் ஒழுகிய விசிலைச் சட்டையில் துடைத்தபடி. “நாங்கள் போட்டால் ஒராளுக்குக் கூடும், ஒராளுக்குக் குறையும். நீ போட்டால்தான் அளவாய் வரும்.”

கோழிப்பெட்டியின் மூடி பாதி திறந்திருந்தது. பொறுக்கமாட்டாமல் யாரோ கையை விட்டிருக்கிறார்கள். கடித்துப் பார்த்த துண்டு ஒன்று பல்லடையாளத்தோடு திரும்பக் குழம்புக்குள் கிடந்தது. அதைச் சுற்றிப் பூச்சி மிதந்தது. அவளுக்கு வாயில் புளித்த தண்ணீர் ஊறியது.

கணவாய்ப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அங்கே வெள்ளையாக மேகம் இறங்கி, பாறை இரண்டையும் மூடிவிட்டது. முழங்கால் பானைபோல வீங்கியிருந்தது. இன்றைக்கில்லை, இனி என்றைக்கும் இல்லை என்று அவளுக்கு விளங்கியது. சேற்றுக்கையை ஆற்றில் கழுவிக்கொண்டு வந்து, கரண்டியை எடுத்து, ஒன்பது தட்டுக்கும் சோறு போட்டாள். அளவாய்த்தான் வந்தது.

செப்டெம்பரில் முழங்காலுக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. வரைபடத்தை அலுமாரிக் கதவிலிருந்து கிழித்து எறிந்துவிட்டாள். இப்போது ஊன்றுபொல்லோடு ஜான்-டலோன் சந்தைவரை நடக்கிறாள், அவ்வளவுதான்.

பிறந்தநாள் வீடுகளில் இரவிச்சந்திரன் இந்தக் கதையைச் சொல்லாமல் விடுவதில்லை. விசில் ஊதினது, மனுசி மலையிலிருந்து உருண்டு பிரண்டு வந்தது, எல்லாம் நடித்துக் காட்டுவார். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும். அதுகூட அவளுக்குப் பெரிதில்லை. அவர்கள் அப்படித்தான், அவர்களை நினைத்து அவள் குமட்டி முடித்துவிட்டாள். ஆனால் கடைசியில் அவர் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

“உடம்பெல்லாம் சேறு. முழங்கால் வீங்கிக் கிடக்கு. மூச்சு வருகுதில்லை. வந்து நிண்டவுடனை முதல் கேட்டது என்ன தெரியுமோ? ‘எல்லாருக்கும் பசிச்சுப்போச்சோ?’”

பெண்கள் உச்சுக்கொட்டுவார்கள். அஜந்தா மாதிரி ஒரு பெண்டாட்டி கிடைக்கக் கொடுத்துவைக்கவேண்டும் என்பார்கள். அவள் உணவு மேசைப் பக்கம் திரும்பி நின்று, வாயைத் துவாலையால் பொத்திக்கொள்வாள். நாற்பது பிள்ளைகளின் வாந்தியில் வராதது அந்த நேரத்தில் தொண்டைவரை வருகிறது. அவர் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லவில்லை. அவள் அப்படித்தான் கேட்டாள்.