ரெண்டு குரல் கேட்டால்தான் வண்டி

என் அண்ணி ஒரு தையற்காரி. கையில் ஒரு கத்தரிக்கோல், வாயில் இன்னொன்று என்று என் அண்ணனே சொல்வார். அண்ணி காதில் விழாத தூரத்தில் நின்றுதான் சொல்வார்.

அந்தத் தையல் கடையின் வெட்டுமேசை மேல் ஒருநாள் ஒரு குழந்தை பிறந்தது. சட்டைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணுக்கு நின்ற இடத்திலேயே வலி கண்டுவிட்டது. டவுனிலிருந்து ஆம்புலன்ஸ் "வந்துக்கிட்டே இருக்கு, வந்துக்கிட்டே இருக்கு" என்றார்கள். அதற்குள் குழந்தை வந்துவிட்டது. தாய் பிழைத்தது மறுபிறப்பு. கடையைக் கழுவிக்கொண்டே அண்ணி கத்தினார்: "நமக்குன்னு ஒரு வண்டி இல்லாம இதென்ன பொழப்பு? இது கடையா, பிரசவ ஆஸ்பத்திரியா?"

மறுநாளே கடையைப் பூட்டிவிட்டுச் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் வீடு வீடாக ஏறி இறங்கினார். "தையக்காரிக்கு எதுக்கும்மா ஊர் வேலை?" என்று கேட்டவர்களிடம், "உன் வீட்டுல ஒருத்தர் நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உக்காரும்போது இதே கேள்வியைக் கேளு" என்பார். மனசு வந்து கொடுத்தவர்கள் பாதி. அந்த வாய்க்குப் பயந்து கொடுத்தவர்கள் மீதி. பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட ஒரு பழைய வேன் வந்து சேர்ந்தது. சீட்டுகளைப் பிடுங்கிவிட்டுக் கட்டில் போட்டோம். ஓட்டுவது நான். கூப்பிடுவதற்கான போன் கடையில், அண்ணியின் தையல் மிஷின் பக்கத்தில். டீசல் மட்டும் செங்கல் சூளை முதலாளியின் பொறுப்பு.

நம் ஜனங்களைப் பற்றித்தான் தெரியுமே. ஓசி என்றால் எனக்கு ஒண்ணு, எங்கப்பனுக்கு ஒண்ணு. வயிற்றுவலி என்று ஏறிக்கொண்டு, சந்தை வந்ததும் "இப்போ தேவலாம்பா" என்று இறங்கிப் போனவர்கள் உண்டு. அதில் மன்னன் ஆகாசம். ஆகாசப் புளுகன் என்று ஊர் வைத்த பெயரில் புளுகன் தேய்ந்துபோய் ஆகாசம் மட்டும் மிஞ்சிவிட்டது. மாமியாருக்கு மாரடைப்பு என்று ஒருமுறை கூப்பிட்டான். அடித்துப் பிடித்துக்கொண்டு போனால், ஒரு பீரோவை டவுனில் இறக்க வண்டி வேண்டுமாம்! மாமியார் போய்ச் சேர்ந்து வருஷக்கணக்காகிறது. அன்று அவனை அடிக்காமல் திரும்பியது என் பெருந்தன்மை.

விஷயம் காதுக்குப் போனதும் சூளைக்காரர் குதித்தார். "என் டீசல்ல நீங்க ஊர்வலம் போறீங்களா? இனிமே ஒரு வீட்டுக்கு வண்டி வேணும்னா, இன்னொரு வீட்டு ஆளும் போன்ல பேசி உண்மைன்னு சொல்லணும். ஒத்தைக் குரலுக்கு வண்டி நகர்ந்துச்சு, டீசலை நிறுத்திடுவேன்." டீசல் நின்றால் வண்டி நிற்கும். அண்ணி ஒத்துக்கொண்டார். ஒத்துக்கொண்ட பேச்சில் அண்ணி நூல் பிசகமாட்டார். பீரோ ஏற்றும் தொல்லையும் அதோடு ஒழிந்தது.

பிறகு ஒரு மத்தியானம் போன் அடித்தது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, ஆகாசம் பேசறேன். என் பொண்டாட்டியைப் பாம்பு கடிச்சிருச்சு. பம்ப்செட்டுகிட்ட இருக்கோம். சீக்கிரம் வாங்கக்கா."

நான் சாவியை எடுத்தேன். அண்ணி கையை நீட்டி என்னைத் தடுத்தார்.

"பக்கத்துல இருக்கற யாரையாவது பேசச் சொல்லு."

"யாருக்கா இருக்கா இங்க? எல்லாரும் வேலைக்குப் போயிட்டாங்க."

"அப்போ உன் பொண்டாட்டிகிட்ட குடு."

"அவளால பேச முடியலக்கா."

"ஏன், உன் மாமியாரைப் பேசச் சொல்லேன்!"

அந்தப் பக்கம் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணி, நான் போயிட்டு வந்துடறேன். பொய்யா இருந்தா அவனை அங்கேயே மிதிக்கிறேன்."

"மிதிப்பீங்க. டீசல் நின்னு போனா? நாளைக்கு இன்னொருத்திக்கு வலி எடுத்தா மறுபடியும் என் மேசையில படுக்க வைக்கவா?"

அண்ணி என் போனை வாங்கி, பம்ப்செட்டுக்கு அடுத்த வயல்காரருக்கு அடித்தார். அவர் டவுனில் இருந்தார். விவரம் கேட்டுச் சிரித்தார். "ஆகாசமா? அட, போனை வைங்கம்மா." அடுத்த நம்பர் எடுக்கவே இல்லை. அண்ணியின் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

"அக்கா..." என்றான் ஆகாசம். குரல் குழறியது. "நீங்க நம்ப வேண்டாம். வண்டியை மட்டும் அனுப்புங்க."

அவன் வாய் குழறி நான் கேட்டதே இல்லை. பொய்யைத் தண்ணீர் பட்ட பாடாகச் சொல்கிறவன். அண்ணி மடியிலிருந்த துணியை உதறிவிட்டு எழுந்தார். "எடுங்க வண்டியை. நானும் வரேன்."

போகிற வழியிலேயே சூளைக்காரருக்குப் போன் போட்டார். "ஒத்தைக் குரலுக்குத்தான் போறேன். உங்ககிட்ட மறைக்கலை."

"அப்போ இதோட முடிஞ்சுதும்மா" என்று அவர் வைத்துவிட்டார்.

"அவர் கிடக்கார், நீங்க வண்டியை மிதிங்க" என்றார் அண்ணி.

பம்ப்செட் வாசலில் பெண் யாரும் இல்லை. ஆகாசம் மட்டும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். எனக்குத் தலைக்கேறியது. "எங்கடா உன் பொண்டாட்டி?"

"அவ... அவங்கண்ணன் வீட்டுக்குப் போயிருக்கா" என்றான். கண் இமைகள் இரண்டும் தானாக மூடிக்கொண்டிருந்தன. கால் வீங்கிக் கிடந்தது. "கடிச்சது என்னைத்தான்."

அடப்பாவி! தூக்கிக் கட்டிலில் போட்டோம். பள்ளம் மேடு பார்க்காமல் ஓட்டினேன். பின்னால் அண்ணி அவன் கன்னத்தில் தட்டிக்கொண்டே வந்தார். "கண்ணை மூடாதடா. எதாவது பொய் சொல்லு. நான் கேக்கறேன், சொல்லுடா." அவன் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. அண்ணி இன்னும் பலமாகத் தட்டினார். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது அவனுக்கு மூச்சு இழுத்து இழுத்து வந்துகொண்டிருந்தது. உடனே மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையை விரித்திருப்போம் என்றார் டாக்டர். நாங்கள் கடையில் போன் போட்டுக்கொண்டிருந்த நேரத்தை நானும் அண்ணியும் நினைத்துக்கொண்டோம்.

அவனுக்குப் பேச்சு திரும்பிய அன்றைக்குப் பார்க்கப் போனோம். பஸ்ஸில்தான் போனோம். சூளைக்காரர் சொன்னபடியே செய்துவிட்டார். அவர் கணக்கில் இனி டீசல் கிடையாது என்று பெட்ரோல் பங்கில் சொல்லிவிட்டார்கள். அண்ணி மறுபடி வீடு வீடாக ஏற ஆரம்பித்திருந்தார், இந்தத் தடவை டீசலுக்காக. களைப்பில் முகம் சுண்டிப்போயிருந்தது. கட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் திட்ட ஆரம்பித்தார்.

"ஏன்டா, சாகப்போற நேரத்திலயும் ஒரு பொய்யா? பொண்டாட்டின்னு எதுக்குடா சொன்ன?"

ஆகாசம் கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்டான். "எனக்குன்னு சொல்லியிருந்தா வந்திருப்பீங்களாக்கா?"

அண்ணி அவன் போர்வையை இழுத்துவிட்டார். சரியாக இருந்த போர்வையை மறுபடியும் இழுத்துவிட்டார்.

"வந்திருப்போம்டா, லூசு" என்றார்.

சூளைக்காரரிடம்கூட மறைக்காத என் அண்ணி பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.