ஜெர்மனிக்குப் போன பிரசவ லேகியம்

எண்பதுகளின் கடைசியில் நான் ராஜபாளையத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இங்கிலீஷ் டீச்சர். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். ஊரில் ஒரு சங்கம் வருஷத்துக்கு ஒருவரை வெளிநாட்டுக் குடும்பம் ஒன்றோடு மூன்று வாரம் தங்கிவர அனுப்பும். வேற்று மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று அவர்கள் வீட்டுக்குள்ளேயே இருந்து பார்க்க வேண்டும், அதுதான் ஏற்பாடு. அந்த வருஷம் என் முறை வந்தது. ஜெர்மனி.

தலைகால் புரியவில்லை எனக்கு. முள்கரண்டி வாங்கி இட்லியில் பழகினேன். "ஏட்டி, இட்லிய எதுக்குப் போட்டு இந்தக் குத்து குத்துத?" என்று கணவர் கேலி செய்தார். எதைக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

கிளம்புகிற வாரம் மாமியார் என் பெட்டியைத் திறந்தார். அவருடைய தங்கை மகள் ஜெர்மனியில் நான் போகிற அதே ஊரில்தான் இருந்தாள், எனக்கு நாத்தனார் முறை. அப்போதுதான் பிள்ளை பெற்றிருந்தாள். நான் மடித்து வைத்திருந்த புடவைகளைப் பாதிக்கு மேல் எடுத்து வெளியே போட்டுவிட்டு, பிரசவ லேகியம், பூண்டு, சுக்கு, வசம்பு என்று அடைத்தார்.

"நம்ம புள்ள அங்ஙன பச்ச உடம்புக்காரியாக் கெடக்கா. நீ யாரு வீட்லயோ போய்த் தங்குனா நாலு பேரு என்ன பேசுவாக?"

"சங்கத்துல அனுப்புறாங்க, அத்தை."

"பாத்துட்டு வா, வேண்டாங்கல. தங்குறது நம்ம வீட்ல."

கணவரைப் பார்த்தேன். அவர் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்.

பம்பாயிலிருந்து விமானம். ராத்திரி முழுக்கத் தூங்காமல் கண்ணாடியில் முகத்தை வைத்துக்கொண்டு வந்தேன். தட்டில் வைத்த ஆறிப்போன ரொட்டி, வெண்ணெய், பேர் தெரியாத புளித்த ஊறுகாய் எதையும் விடவில்லை. இறங்கியதும் நான் தங்கப்போகிற வீட்டு அம்மாவிடம் எல்லாம் பிடித்திருந்தது என்று சொல்ல வேண்டும் அல்லவா?

அந்த அம்மா என் பெயர் எழுதிய அட்டையோடு நின்றார். எனக்காக மாடி அறையைத் தயார் செய்திருப்பதாகச் சொன்னார். அதற்குள், மாமியாரின் கடிதம் பார்த்து வந்திருந்த நாத்தனாரின் கணவர் என் பெட்டியை எடுத்துத் தன் காரில் வைத்துவிட்டு, அந்த அம்மாவிடம் ஜெர்மனில் ஏதோ சொன்னார்; வீட்டில் அவசரமாம். அந்த அம்மா என் கையைப் பிடித்து, ஐயோ பாவம் என்பது போல அழுத்தினார்.

"ரெண்டு நாள் இருங்க மதினி, பொறவு அவிய வீட்டுக்குப் போகலாம்" என்றாள் நாத்தனார். அந்த இரண்டு நாள் முடியவே இல்லை. பூண்டுக் குழம்பு வைத்தேன். கால் நீட்டி உட்கார்ந்து பிள்ளையைக் குளிப்பாட்டினேன். துணி துவைத்தேன். ஜன்னலுக்கு வெளியே ஜெர்மனி இருந்தது. அவள் மேல் எனக்கு வருத்தம் இல்லை, பிள்ளை பெற்றவள் என்ன செய்வாள்? பெட்டிக்குக் கயிறு கட்டிய மனுஷர் மேல்தான் இன்றும் ஆத்திரம் தீரவில்லை.

கடைசி ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவே எங்களைப் பார்க்க வந்தார். தரையில் உட்கார்ந்து கையால் தோசை தின்றார். பிள்ளைக்குச் சாம்பிராணி போடுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தார். லேகியத்தைக்கூட நக்கிப் பார்த்தார். போகும்போது, ஓர் இந்தியக் குடும்பத்தை உள்ளே இருந்து பார்க்கக் கிடைத்ததே என்று கண் கலங்கினார். அரை மணி நேரம் கார் ஓட்டி வந்தவருக்கு அது கிடைத்தது.

ஊருக்குத் திரும்பியதும் சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். மாமியாரும் கணவரும் முன் வரிசையில் இருந்தார்கள். மாலை போட்டு முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "அவிய வீட்டுக்குள்ள எப்படி இருப்பாக டீச்சர்?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாதும்மா. நான் உள்ள போகவே இல்ல. மூணு வாரமும் எங்க நாத்தனார் பிள்ளையக் குளிப்பாட்டிட்டு வந்தேன்" என்றேன்.

கூட்டம் முழுக்கச் சிரித்தது. டீச்சர் தமாஷாகப் பேசுகிறாள் என்று நினைத்தார்கள். மாமியாரும் சிரித்தார்.