உட்கார்ந்து போன பை

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. ஆனால் ஷிப்ட் பஸ்ஸில் சீட்டுப் பிடிப்பதில் நான் பட்டதாரி. நெய்வேலி மைன்ஸுக்கு எங்களைப் போன்ற காண்டிராக்ட் ஆட்கள் போகிற பஸ்ஸில் ஒரு சட்டம் உண்டு. பஸ் நிற்பதற்குள் சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக எறிந்துவிட வேண்டும். பை விழுந்த இடம் பைக்காரனுடையது. வேறு எவனும் தொட மாட்டான்.

அந்தப் பட்டத்தோடுதான் போன மாதம் என் மனைவியை மெட்ராஸுக்குக் கூட்டிப்போனேன். அவளுக்கு இதய வால்வில் கோளாறு. பத்துப் படி ஏறினால் பத்து நிமிடம் உட்கார வேண்டும். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பன்னிரண்டு மணி வரைதான் இருப்பார். அதற்குள் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்து, ஆபரேஷன் உண்டா இல்லையா என்று சொல்ல வேண்டும். தாம்பரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, லோக்கல் ரயிலில் பார்க் ஸ்டேஷன் போனால் எதிரே ஆஸ்பத்திரி.

தாம்பரம் பிளாட்பாரம் முழுக்கத் தலைகள். அவளைப் பெஞ்சில் உட்கார வைத்தேன்.

"நீ நிக்கவே வாணாம். ராணி மாதிரி குந்திகினு வருவ, பாரு."

ரயில் வந்ததும் முதல் ஆளாக முட்டி மோதி, வாசலிலிருந்தே பையை எறிந்தேன். ஜன்னலோர சீட்டில் கச்சிதமாக விழுந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அவளை அழைக்கப் போனேன். கைத்தாங்கலாக நடத்தி வருவதற்குள் ரயில் கிளம்பிவிட்டது. எங்கள் பஸ் டிரைவர் தலை எண்ணாமல் வண்டியை எடுக்க மாட்டார். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் அந்தப் பையில்.

"பீச் ஸ்டேஷனோட நின்னுடும்பா. அதுக்கு மேல கடல்தான். அடுத்த வண்டில போய்ப் புடி" என்றார் டீ விற்றவர், சிரிப்பை அடக்க முடியாமல்.

அடுத்த ரயிலில் நிற்கத்தான் இடம். கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் சொன்னாள்: "பை குந்திகினு போவுது. பொண்டாட்டி நின்னுகினு வரா. நல்லா புடிச்சய்யா சீட்டு."

சிரித்தேன். அவள் உதடு நீலம் பாரித்திருப்பதைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பார்க் ஸ்டேஷன் வந்தது. இறங்காமல் தாண்டிப் போனோம்.

பீச் ஸ்டேஷனில் எங்கள் பையை ஏற்றி வந்த ரயில் திரும்பிப் போகத் தயாராக நின்றது. முன்னாலிருந்து மூன்றாவது பெட்டி என்று நினைவு. எண்ணி ஏறினேன்; பை இல்லை. டிரைவர் மறுமுனைக்கு மாறியதில் வால் தலையாகிவிட்டது என்று அப்புறம்தான் உறைத்தது. அந்தக் கோடிக்கு அவளையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். ஓடக் கூடாதவளை.

பை சீட்டுக்கு அடியில், செருப்புக் கால்களுக்கு நடுவே கிடந்தது. மெட்ராஸில் எங்கள் சட்டம் செல்லாது. எக்ஸ்ரே நடுவில் மடிந்திருந்தது. அவளுக்கு உட்கார இடம் கிடைத்தது, இரண்டே ஸ்டேஷனுக்கு. எக்ஸ்ரேவை மடியில் வைத்து, உள்ளங்கையால் மடிப்பைத் தேய்த்துக்கொண்டே வந்தாள்.

"டாக்டர் பாப்பாரா?"

"மடிச்சி வச்சா எடுத்துட்டுப் போவ சுலுவுன்னு சந்தோசப்படுவாரு" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

டாக்டர் படத்தைப் பார்த்தார். அவளை அதைவிட அதிக நேரம் பார்த்தார். "ஆபரேஷன் பண்ணித்தான் ஆகணும். அதுவரைக்கும் இவங்கள ரொம்ப நேரம் நிக்க வைக்காதீங்க."

மடிந்த எக்ஸ்ரேவை வாங்கிப் பையில் வைத்தேன்.

திரும்பும்போது பார்க் ஸ்டேஷன் பெஞ்சில், பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். ரயில்கள் நிரம்பி வந்து, நிரம்பியே போயின. நான்கை விட்டோம்.

"ஊருக்குப் பஸ் போயிடும்யா" என்றாள்.

"போவட்டும்" என்றேன்.