மகாராஜா என்கிற கோமிக்கோ

சங்கரன்கோவில் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்கு மகாராஜா என்று ஆசையாகப் பெயர் வைத்தார்கள். வாய்த்ததென்னவோ திருவனந்தபுரத்தில், பழவங்காடிப் பிள்ளையார் கோயிலுக்குப் பின்னால் ஒரு சைவ ஓட்டலில் சப்ளையர் வேலை. “மகாராஜா, அந்த டேபிளைத் துடைடே” என்று முதலாளி கத்தும்போது புதிதாக வந்தவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். பழையவர்கள் இட்லியைப் பார்ப்பார்கள்.

அவன் ஆர்டர் சொல்லும் விதமே தனி. யார் என்ன கேட்டாரோ, அதை அவர் குரலிலேயே அடுக்களைக்குச் சொல்வான். ஆட்டோ ஓட்டும் ராகேஷ் தொண்டை கிழிய “ஒரு ரசவடை, ஒரு கடுப்பம் சாயா!” என்று பால் குறைந்த ஸ்ட்ராங் டீ கேட்டால் அதே கிழிசலோடு அது உள்ளே போகும். செக்ரடேரியட்டில் வேலை பார்க்கும் ஸ்ரீலட்சுமி மேடம் பாதி தோசைக்கே முழு ஃபைல் நகர்த்துகிற மாதிரி இழுத்துப் பேசுவார். அந்த இழுவையும் உள்ளே போகும். அடுக்களைக்கும் ஹாலுக்கும் நடுவே தட்டு நுழையும் அளவுக்கு ஒரு ஜன்னல்தான். உள்ளே நிற்கும் சமையல்காரர் வேல்சாமிக்கு அதன் வழியே ஒரு முகமும் தெரியாது. குரலை வைத்தே இவருக்கு எண்ணெய் குறைய, அவருக்கு முறுகலாக என்று கணக்காகப் போட்டுவிடுவார்.

மகாராஜாவுக்கு இது வேலையாகவே தோன்றியதில்லை. வாயைத் திறந்தால் அடுத்தவர் குரல் வந்தது, அவ்வளவுதான். வீட்டிலும் அதே கதை. கரமனையில் வாடகை வீட்டின் கதவைத் தட்டி, வீட்டுக்காரர் குரலில் “எந்தா மாடத்தி, வாடக?” என்பான். அவன் மனைவி சுடலைமாடத்தி துடைப்பத்தோடு வருவாள்.

முதலாளி உமாசங்கருக்கு இந்தச் சேட்டை ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. வியாபாரம் நடக்கிறதே என்று காதைப் பொத்திக்கொண்டு கல்லாவில் இருந்தார். அந்தக் காதைத் திறந்துவிட்டவள் ஒரு ஸ்பெயின்காரி.

பிலார் என்று பெயர். களரி படிக்க வந்தவள், காலையில் வியர்வையோடு வந்து உட்காருவாள். ஒரு நாள் அவள் மசால் தோசை கேட்க, மகாராஜா ஜன்னலில் வாயை வைத்து, அவள் குரலிலேயே “மஸ்ஸாலா தொஸ்ஸா, போர் ஃபவோர்!” என்றான். அவள் காபி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே வயிறு குலுங்கச் சிரித்தாள். “கே கோமிக்கோ! கோமிக்கோ!” என்று அவனைக் கை காட்டினாள்.

கல்லாவிலிருந்து உமாசங்கர் துள்ளி எழுந்தார். அவர் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல், கோமியம். “கோமியமா!” என்று கத்திக்கொண்டே ஓடிவந்து அவள் கையிலிருந்த டம்ளரைப் பிடுங்கி மோந்து பார்த்தார். பக்கத்து மேஜைக்காரர் தன் காபியைத் தள்ளி வைத்தார். ஸ்ரீவராகத்திலிருந்து வந்த ஒரு மாமி மட்டும் ஆர்வமாகக் கேட்டாள்: “எங்காத்துல கிரகப்பிரவேசம். இங்க ஒரு குப்பி கிடைக்குமா?”

நல்ல வேளையாக உமாசங்கரின் மகள் ஆர்யாவுக்கு அந்த வாரம் காலேஜ் லீவ், ஓட்டலில்தான் இருந்தாள். போனில் தேடிப் பார்த்தாள். “அப்பா, அது அதல்ல கேட்டோ. ஸ்பானிஷ் வாக்கு. இங்கிலீஷ்ல காமிக்னு போட்டிருக்கு.”

“படக்கதைப் புஸ்தகமா?” என்றார் ஜன்னலுக்குள்ளிருந்து வேல்சாமி. “இவன் மூஞ்சிக்கு சரிதாம்லே.”

“புஸ்தகம் இல்ல. ஆளைச் சொன்னா காமெடியன். சிரிக்க வைக்கறவன்.” மகாராஜாவின் நெஞ்சு சட்டைப் பித்தான் தெறிக்கும் அளவுக்கு விரிந்தது. ஆர்யா திரையைத் தள்ளினாள். “காமிக்கல்னும் போட்டிருக்கு. பாத்தாலே சிரிப்பு வர்ற மாதிரி, கோமாளித்தனமா...” விரிந்த நெஞ்சு பழைய அளவுக்கு வந்துவிட்டது.

பிலாருக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆர்யா அவளிடமே கேட்டாள். “காமெடியன்?”

“ஸீ!”

“காமிக்கல்?”

“ஸீ, ஸீ!”

“பாத்தியா, சீ சீங்கறாளே!” என்று உமாசங்கர் தலையில் கை வைத்தார். “என் ஓட்டல்ல வந்து இருந்து சீங்கறாளே!”

“அப்பா, ஸீன்னா ஆமாம்னு அர்த்தம்.”

“எதுக்கு ஆமாம்?”

“எல்லாத்துக்கும். ஒரே வாக்குதான். சிரிக்க வைக்கறவனும் அதுதான், சிரிப்பா சிரிக்கறதுக்கு ஆளானவனும் அதுதான்.”

“எனக்கு ரெண்டும் வேண்டாம்,” என்றார் உமாசங்கர். “மகாராஜா, இனி ஒரு தரம் வேற ஆளு குரல் கேட்டா, மறுநாள் நீ வரண்டாம். ஓட்டலா சர்க்கஸா இது?”

அன்று வீட்டுக்குப் போன மகாராஜா கதவைத் தட்டித் தன் குரலிலேயே கூப்பிட்டான். மாடத்தி பயந்துவிட்டாள், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையோ என்று. அவன் நடந்ததைச் சொன்னான். வேலை போய்விடும் என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிட அவனை அறுத்தது வேறு. “இத்தனை நாளா அவங்க நான் செய்யறதுக்குச் சிரிச்சாங்களா, என்னைப் பாத்துச் சிரிச்சாங்களா மாடத்தி?” அவள் சோற்றை வைத்தாள். அவன் தட்டைத் தள்ளி வைத்தான்.

மறுநாள் காலை ஜன்னலில் நின்று, “ரெண்டு இட்லி, ஒரு தோசை” என்றான்.

“யாருலே அது?” என்றார் தோசைக்கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் வேல்சாமி. “புது ஆளா?”

“நான்தான், மகாராஜா.”

“சும்மா சொல்லாத. அவன் குரல் எனக்குத் தெரியாதா?”

எல்லாம் தலைகீழாகப் போனது. ஸ்ரீலட்சுமி மேடத்துக்கு எண்ணெய் சொட்டும் தோசை வந்தது. ராகேஷுக்குப் பால் மிதக்கும் சாயா வந்தது. “இது எந்தா, குழந்தைக்கா?” என்று அவன் கத்தினான். கடைசியில் உமாசங்கர் தன் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினார்.

“சீனி! எனக்குச் சீனி ஆகாதுன்னு வேல்சாமிக்குத் தெரியாதா?”

“யாருக்குக் காபின்னு அவருக்குத் தெரியல்ல மொதலாளி. நான் என் குரல்ல சொன்னேன்.”

“அப்போ தினமும் யாரு குரல்ல சொன்னே?”

மகாராஜா தரையைப் பார்த்தான். ஹால் முழுவதும் அவனைப் பார்த்தது.

“சொல்லுடே.”

“உங்க குரல்ல.”

உமாசங்கரின் முகம் சிவந்தது. “எங்கே, செய். நானும் பாக்குறேன்.”

செய்தால் வேலை போகும், செய்யாவிட்டால் இப்போதே போகும். மகாராஜா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையைத் துடைத்தான். ஜன்னல் பக்கம் திரும்பி, மூக்கில் குரலை ஏற்றினான். “ம்க்கும்... வேல்சாமீ, ஒரு காப்பி. சீனி விழுந்துது, உன் சம்பளத்துலயும் மண்ணு விழும், கேட்டோ!”

“வந்துட்டியாலே மகாராஜா!” என்று உள்ளேயிருந்து சந்தோஷம் பொங்கியது. “காலைலேருந்து எங்கலே போனே?”

உமாசங்கருக்குப் பொறுக்கவில்லை. ஜன்னலுக்கே போய்க் கத்தினார். “ம்க்கும்! வேல்சாமீ! நான் இப்படியாடே பேசுறேன்?”

உள்ளே கரண்டி விழும் சத்தம், அதற்கு மேல் சிரிப்பு. “ஏலே, இது முதல்ல செஞ்சதைவிட ஜோர்லே! அந்தக் கடுவன் பூனை அப்படியே நேர்ல வந்து நிக்குது!”

ஹாலில் முதலில் ராகேஷ் வெடித்துச் சிரித்தான், ஸ்ரீலட்சுமி மேடம் புடவைத் தலைப்பால் வாயைப் பொத்தினார், ஆர்யா கல்லா மேஜைக்குக் கீழே குனிந்துகொண்டாள். உமாசங்கர் திரும்பி எல்லாரையும் பார்த்தார். அவருடைய தொந்தி மெல்லக் குலுங்க ஆரம்பித்தது. கண்ணில் நீர் வரும்வரை குலுங்கியது. அந்த நீரைத் துடைத்துக்கொண்டு மகாராஜாவின் தோளைப் பிடித்தார்.

“நான் மூக்கால பேசுறேன்னு, ஏண்டே, இத்தனை வருஷமா என்கிட்ட ஒருத்தரும் சொல்லல்ல?”

“தினமும் சொல்லிட்டுதானே இருந்தேன், மொதலாளி.”