அம்மா கேட்ட ஒரே கேள்வி

மருத்துவமனையில் ரத்தம் எடுக்கும் அந்தப் பெண்ணுக்குப் 'பூக்கை அக்கா' என்று பேர். ஊசி இறங்குவதே தெரியாது. அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. வரிசை முடிந்ததும் அவள் தம்பி உள்ளே வந்து, நோயாளிகள் உட்காரும் நாற்காலியில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான்.

"அம்மாவோட காது மெஷின் பஸ்ல தொலையலக்கா. நான்தான் எடுத்து வித்துட்டேன்."

இருபத்திரண்டு வயது. கைபேசியில் காசு கட்டி ஆடும் கிரிக்கெட் பந்தயம். "இதோட விட்டுடறேன்" என்று அவன் மூன்று முறை அழுதான். மூன்று முறையும் கடனை அடைத்தவள் அவள்தான். பஸ்ஸில் தொலைந்தது என்று சாதித்த அம்மாவுக்கும் எல்லாம் தெரியும். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை.

கையோடு அவனை மாடியில் இருந்த மனநலப் பிரிவுக்கு இழுத்துப் போனாள். ஆலோசகர் அவனைத் திட்டவில்லை. இவளிடம்தான் சொன்னார்: "நீங்க அடைக்க அடைக்க அவர் ஆடுவாரும்மா. இனிமே காசு குடுக்காதீங்க. கூட வாங்க."

அங்கேயே அவன் கையாலேயே பந்தயக் கணக்குகளை முடக்க வைத்தார். இனி அவன் சம்பளம் அக்கா கைக்கு. வியாழன்தோறும் குழுக் கூட்டம்.

ஐந்து வியாழன் ஒழுங்காகப் போனான். ஆறாவது வாரம் நண்பனின் கைபேசியில் ஆடித் தோற்று, வீட்டில் முகம் காட்ட வெட்கப்பட்டு எங்கோ போய்விட்டான்.

அவன் இல்லாத ஒன்பது நாளில்தான் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. கதவுச் சத்தம் காதில் விழாததால் கதவையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "வந்துட்டானா?" வாய் கோணியும் அந்த ஒரு வார்த்தை மட்டும் தெளிவாக வந்தது. மூன்றாம் நாள் அதுவும் நின்றுபோனது.

அவன் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"கடைசியா என்னைக் கேட்டாங்களாக்கா?"

"இல்லடா. தூக்கத்துலயே போயிட்டாங்க."

அடுத்த வியாழன் அவள் கூப்பிடவில்லை. அவனே செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றான்.

இப்போது பதினொரு மாதமாக ஆடவில்லை. "இன்னைக்குக் கை நமநமங்குதுக்கா" என்று ஒளிக்காமல் சொல்கிறான். உடனே வேலையைப் போட்டுவிட்டு அவனோடு நடக்கக் கிளம்புகிறாள். இருந்தும் அவன் சிரிப்பதைப் பார்த்தால் அவளுக்கு வயிறு எரிகிறது. பாவி, இந்தப் புத்தி கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா? இதை ஆலோசகரிடம் மட்டும் ஒருநாள் சொல்லி அழுதாள்.

"அதுக்கும் தனியா ஒருநாள் வாங்கம்மா" என்றார் அவர்.

அவள் இன்னும் போகவில்லை.