மாரீஸ்வரன் கச்சேரிக்கு வந்த மாலைகள்

எம்.ரெட்டியபட்டிக்கும் அருப்புக்கோட்டைக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிற மாரீஸ்வரனுக்குச் சொந்தப் பாட்டுப் பைத்தியம். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, பழைய கித்தார் ஒன்றை வாங்கித் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, ஸ்டாண்டில் ஆள் சேரும்வரை வாசிப்பான். வண்டி கிளம்பினால் கித்தார் சீட்டுக்குப் பின்னால் போய்விடும், பாட்டு மட்டும் தொடரும். ஆனால் எந்தப் பாட்டையும் எவரும் முழுசாகக் கேட்டதில்லை. கடைசிச் சரணம் வருவதற்குள் அவரவர் ஊருக்குப் பாதை பிரியும் விலக்கு வந்துவிடும், இறங்கிவிடுவார்கள். மனைவி ஈஸ்வரி முதல் சரணத்திலேயே அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். ஒரே ஒரு பாட்டை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை நாலு பேர் உட்கார்ந்து கேட்க வேண்டும். மனுசனுக்கு வேறு ஆசையே கிடையாது.

அதற்காகத்தான் ஊர்ச் சமுதாயக்கூடத்தை ஒரு சாயங்காலத்துக்குக் கேட்டு வாங்கினான். அருப்புக்கோட்டையில் பிளக்ஸ் கடை வைத்திருக்கும் இர்பானிடம் பேனர் அடிக்கக் கொடுத்தான். நம் பக்கத்தில் விசேஷ பேனர் என்றால் மஞ்சளும் சிவப்பும் கண்ணைப் பறிக்க வேண்டும், அடியில் மாமன் மச்சான் தலைகள் வரிசையாகச் சிரிக்க வேண்டும். மாரீஸ்வரனோ செல்போனில் வெளிநாட்டுப் பாடகர்களைப் பார்த்துக் கெட்டுப்போனவன். கருப்பு வெள்ளைதான் வேண்டும், தன் முகம் மட்டும்தான் வேண்டும், அதுவும் கண்ணை மூடி லயித்துப் பாடுகிற முகம் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். ஓரத்தில் ரெண்டு பூவாவது வைக்கவா என்று இர்பான் கேட்டதற்கு, வெள்ளைப் பூ என்றால் வைக்கலாம் என்றான். அங்கேயே இர்பானுக்கு உறைத்திருக்க வேண்டும். கல்யாண சீசன் வேலையில் உறைக்கவில்லை.

பேனரில் பேரும், சனிக்கிழமை மாலை ஆறு மணி, சமுதாயக்கூடம் என்பதும் பெரிசாக இருந்தன. 'பாடல்கள்' என்பது கலைநயத்துக்காக எறும்பு அளவில் இருந்தது. மல்லாங்கிணறு வரைக்கும் கட்டியாயிற்று. கட்டிய கையோடு, தொண்டைக்கு ஓய்வு வேண்டுமென்று வண்டியை வீட்டில் நிறுத்தி, செல்லை அணைத்துவிட்டு, மிளகுப்பால் குடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தான். ஸ்டாண்டில் வண்டியும் இல்லை, போனும் போகவில்லை என்றால் ஊர் என்னதான் நினைக்கும்?

சனிக்கிழமை சாயங்காலம் கூடத்து வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த ஈஸ்வரியை, மல்லாங்கிணற்றிலிருந்து வேனில் வந்திறங்கிய பெண்கள் கட்டிப்பிடித்துக் கதறினார்கள். கட்டிக்கொண்டு ஒருத்தி அழுதால் கூட அழுதுவிட்டுத்தான் யார் போனது என்று கேட்க வேண்டும், அதுதான் முறை. ஈஸ்வரியும் நன்றாகவே அழுதாள். பின்னாலேயே ஆண்கள் மாலைகளோடு வந்தார்கள். கூடம் நிரம்பி வழிந்தது. கூட்டத்தைப் பார்த்து உள்ளம் குளிர்ந்துபோய், கித்தாரும் கையுமாக மேடைக்கு வந்தான் மாரீஸ்வரன்.

சத்தம் அடங்க வெகுநேரம் ஆனது. வேலையைப் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. உயிரோடு இருப்பதற்காக அவன் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான். அப்படியும் ஒரு சிக்கல் மிச்சமிருந்தது. ஈஸ்வரியின் பெரியப்பா சங்கையாதான் அதை எடுத்தார்.

"செத்தவனுக்குனு வாங்குன மாலைய வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோகக் கூடாது. உசுரோட இருக்கவன் கழுத்துலயும் போடக் கூடாது. அந்தப் படத்துக்குப் போட்டுருவோம். கேதத்துக்கு வந்தது வந்துட்டோம், செத்த நேரம் உக்காந்துட்டுத்தான் எந்திரிக்கணும்."

அப்படியே செய்தார்கள். மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் மாலைகள் ஏறின. சாவு வீட்டில் உட்காருவதுபோல எல்லோரும் வாய் பேசாமல் உட்கார்ந்தார்கள். மாலை போட்ட தன் படத்துக்கு முன்னால் நின்று மாரீஸ்வரன் பாடினான். புருசனோடு கோபித்துக்கொண்டு பஸ் ஏறுகிற ஒருத்தியின் பாட்டு அது. சரணத்துக்குச் சரணம் போய்க்கொண்டே இருப்பாள், கடைசிச் சரணத்தில் மனசு மாறி வீடு திரும்பிவிடுவாள். எவரும் சினிமாப் பாட்டுக் கேட்கவில்லை, எவரும் எழுந்து போகவில்லை. ஈஸ்வரியால் போக முடியவில்லை, ரெண்டு பக்கமும் பெண்கள் அவள் கையைப் பிடித்திருந்தார்கள்.

பாட்டு முடிந்தது. கேதத்தில் கைதட்டவும் கூடாது, போய்ட்டு வாரேன் என்று சொல்லவும் கூடாது. எல்லோரும் எழுந்து பேசாமல் நடந்தார்கள். அவனுக்கு நெஞ்சு வெறுமையாகிவிட்டது.

ஆவுடைத்தாய் மட்டும் வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். பருத்தி எடுக்கத் தினமும் அவன் வண்டியில் போகிறவள். கண் கலங்கியிருந்தது, கோபமாகவும் இருந்தாள்.

"எதுக்குப்பா அவளத் திருப்பிக் கூட்டியாந்த?"

பாட்டு அப்படித்தான் முடியுது அத்தை என்றான்.

"நா எறங்குறப்பல்லாம் அவ போய்க்கிட்டுதான இருந்தா? எங்கிட்டாவது போயி நல்லா இருக்கான்னு நெனச்சுக்கிட்டுத்தான் தெனம் காட்டுல எறங்குவேன். அவள அந்த வீட்டுக்கே கொண்டாந்து விட்டுட்டியே."

அவள் போய்விட்டாள். மாரீஸ்வரன் மேடை ஓரத்தில் உட்கார்ந்து அழுதான். இத்தனை சந்தோஷம் அவன் வாழ்நாளில் பட்டதில்லை.

திங்கட்கிழமையிலிருந்து அந்தப் பாட்டுக்குக் கடைசிச் சரணம் கிடையாது. ஆவுடைத்தாய் இறங்கும் விலக்கு வருவதற்குள் பாட்டு முடிந்துவிடுகிறது.